ஆறாத சுளுக்கு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியைப் பற்றியும் விவாகச் செலவைப் பற்றியும் அறிஞர் பலர் பேசிய இம்மேடையில், யான் ஒரு கணுக்காலைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். அக்கால் என்னுடையதே.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பஸ்ஸினின்றும் இறங்குகையில் என் வலது பாதம் உட்புறமாக மடங்கிற்று. கணுக்கால் வீங்கியது. சுளுக்கெடுப்பவர் ஒருவர் எண்ணெய் தடவி இழுத்து நீவினார். ஒரு மாதத்தில் வீக்கம் வற்றவே, "சுளுக்குத்தானே!" என்று யான் மறந்தேன், கால் மறக்கவில்லை. வரப்பிலும் மணலிலும் நடக்குங்கால் திடீரெனப் பாதம் புரளும். நெடுநேரம் நின்றால் வெளிப்புறத்தில் மந்தமாய் வலிக்கும். இஃது வயதின் கோளாறென்று எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு பேரனை இடுப்பில் ஏந்திக் கோயிற்குளத்துப் படிகளில் இறங்குகையில் அக்கால் புரண்டது. குழந்தையின் நெற்றியில் நான்கு தையல். அந்த இரத்தத்தைக் கண்ட பின்னரே வைத்தியரை நாடினேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

அவரிடம் கேட்டும் பின்னர்ப் படித்தும் அறிந்ததைக் கூறுவேன். கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் பந்தகங்கள் மூன்று உள. நாம் பேச்சுவழக்கில் நரம்பென்று சொல்வது இவற்றையே. பாதம் உட்புறம் மடங்குங்கால் பெரும்பாலும் முன்புறத்துப் பந்தகமே முதலிற் கிழியும். சிலருக்கு அது தளர்ந்தபடியே ஆறிவிடும். இது ஒரு குறை. மற்றொரு குறை கண்ணுக்குப் புலப்படாதது. பாதம் எவ்வாறு சாய்ந்திருக்கிறதென்று மூளைக்கு உணர்த்தும் நுண்ணிய நரம்பு முனைகள் அப்பந்தகங்களிலும் உண்டு. சுளுக்கில் அவையும் கேடுறுவதாலேயே கால் புரள்கின்றதென்று இங்கிலாந்து தேசத்து இரண வைத்தியர் பிரீமன் என்பார் 1965இல் எழுதினார். பின்வந்தோர் கால் தசைகளின் வலிமைக் குறைவையும் ஒரு காரணமாகச் சேர்த்துக் கூறினர்.

ஆகவே ஓய்வும் தைலமும் மட்டும் போதா. காலுக்கு மறுபடியும் நிற்கக் கற்பிக்கவேண்டும். சுவரருகே ஒற்றைக்காலில் அரை நிமிஷம் நிற்பது முதற் பாடம். அது எளிதானபின் கண்ணை மூடி நிற்றல். பின்னர் மடித்த கம்பளியின்மேல் நிற்றல். குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவதும் உண்டு. யான் பல் துலக்கும்போது இதைச் செய்கிறேன். வீட்டார் என்னைக் கொக்கென்று அழைப்பதைப் பொருட்படுத்துவதில்லை! மூன்று மாதத்தில் கால் புரள்வது அரிதாயிற்று. வலி முற்றும் நீங்கிற்றென்று சொல்லேன்.

எல்லாருக்கும் இதுவே போதுமென்றும் சொல்லேன். மூட்டின் ஆழத்தில் வலித்தாலும், நடுவில் சிக்கிக்கொண்டாலும், உள்ளிருக்கும் குருத்தெலும்பு பழுதுற்றிருக்கக்கூடும். சாதாரண எக்ஸ்ரே படத்தில் அது தோன்றாமலும் போகலாம். பயிற்சியால் குணமாகாத தளர்ச்சிக்குப் பழைய பந்தகத்தையே இறுக்கித் தைக்கும் முறையைச் சுவீடன் தேசத்துப் பிராஸ்ட்ரம் 1966இல் வெளியிட்டார். அதன் திருத்திய வகை இன்றும் கையாளப்படுகின்றது.

புதிதாய்ச் சுளுக்குற்றோருக்கும் ஒரு வார்த்தை. நான்கடி நடக்க இயலாவிடினும், கணுக்காலின் எலும்பு முனைகளை அழுத்தினால் வலித்தாலும், நீவுவதற்கு முன் எலும்பு முறிந்துளதா என்று படமெடுத்துப் பார்க்கவேண்டும். நம் வீடுகளில் காலில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்காய் அடுக்களையில் நிற்கும் தாய்மார் எத்தனை பேர்! அவர்கள் வலியைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இன்றிரவு வீடு சென்றதும் கேட்டுப் பாருங்கள்.