பழவேற்காடு: படகு ஏறாமல் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வர ஒரு கடலோர ஊர் சொல்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும் மகாபலிபுரம், இல்லையென்றால் பாண்டிச்சேரி என்பார்கள். எல்லோருடைய பைக்கும் ஈ.சி.ஆரில் தெற்கு நோக்கித்தான் போகும். இன்றைக்கு வடக்கே போகலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரம், பழவேற்காடு.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். சேஃப்டி பிரிவு. ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா, ஷூ போட்டிருக்கிறார்களா என்று பார்த்து டிக் அடிக்கிற வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும். ரூமில் என்னோடு ஒடிசா பையன் ஒருத்தன் இருந்தான். மெஷின் ஆபரேட்டர், என்னைவிட நாலு வயது சின்னவன், என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவான். அவன் ஊர் சிலிகா ஏரிக்குப் பக்கம்.

ஒருநாள் நான் பெருமையாக, "நம்ம பக்கத்துலயே பழவேற்காடு ஏரி இருக்கு, தெரியுமா? இந்தியாவுலயே ரெண்டாவது பெரிய உப்பங்கழி" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "முதல் எது அண்ணா?" என்று கேட்டான். முதல் இடம் சிலிகாவுக்குத்தான். அந்தக் கிண்டலுக்காகவே அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஜனவரி மாதம், ஞாயிறு காலை. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் கவரைப்பேட்டை, அடுத்தது பொன்னேரி. அங்கே இறங்கி பஸ். பனைமரம், வயல், இறால் குட்டை என்று மாறிக்கொண்டே வந்து, திடீரென்று இரண்டு பக்கமும் தண்ணீர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, நம் பக்கம் இருப்பது தெற்கு ஓரம்தான். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாட்களில் அதைப் பார்ப்பதற்கென்றே இந்தக் கரைக்கு ஆட்கள் வருவார்கள். அதே நாட்களில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

முதலில் டச்சுக் கல்லறைக்குப் போனோம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள். உள்ளே கல்லில் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் கெல்ட்ரியா கோட்டை, 1613இல் கட்டியது. இன்றைக்குப் போனால் புதரும் மேடும்தான் தெரியும். ஆனால் 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரமே இதுதான். இங்கிருந்து கப்பலில் துணி போனது. பஞ்ச காலங்களில் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். செல்ஃபி எடுக்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

துணி என்றதும் ஒன்று. மலேசியாவில் கட்டம் போட்ட லுங்கிக்கு 'கைன் பெலிகாட்' என்று பெயர். அந்த பெலிகாட், நம்ம புலிகாட்தான். ஊர் சுருங்கிப்போனாலும் அதன் பெயர் இன்னும் பல பேர் இடுப்பில் இருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மதியம் ஏரிக்கரையில் நின்றோம். தூரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு மாதிரி பூநாரைகள். கிட்டே போய்ப் பார்க்க ஆசை. ஒரு பெரியவர் படகில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றுலா வருபவர்களைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். "அண்ணா, முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போவீங்களா? ஐந்நூறு ரூபா தர்றேன்."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "போலீஸ் பார்த்தா வம்பு தம்பி. சுருக்கா போயிட்டு வந்துடணும்" என்றார். நான் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டேன்.

அப்போது என் நண்பன் படகை எட்டிப் பார்த்து, "லைஃப் ஜாக்கெட் எங்க அண்ணா?" என்று கேட்டான். இல்லை. "அப்ப நான் வரல" என்றான். எனக்குக் கோபம். அவ்வளவு தூரம் வந்துவிட்டு! "ஏரியில இடுப்பளவுதான்டா தண்ணி" என்றேன். அவன் ரொம்ப நிதானமாக, "ஹெல்மெட் இல்லாம நான் உள்ள வந்தா நீ விடுவியா அண்ணா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் இல்லை.

பக்கத்து டீக்கடை அக்கா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்தப் பையன் சொல்றதக் கேளுப்பா. கிறிஸ்துமஸ் அன்னிக்கு நடந்தது உனக்குத் தெரியாதா?" என்றார். 2011 டிசம்பர் 25. சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அன்றைக்குக் கரையில் நின்று பார்த்ததை அக்கா சொன்னார். அதை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

ஏரியில் ஆழம் குறைவுதான், அது உண்மை. ஆனால் கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தில் கதை வேறு. அலை ஏறும்போது கடல் தண்ணீர் உள்ளே தள்ளும், இறங்கும்போது ஏரித் தண்ணீர் வேகமாக வெளியே இழுக்கும். மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். மீன்பிடிப் படகு வலைக்கும் இரண்டு மூன்று பேருக்கும் செய்தது. போட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் அது தாங்காது.

பெரியவர் எதுவும் சொல்லாமல் ஐந்நூறு ரூபாயைத் திருப்பி நீட்டினார். வாங்கவே கூச்சமாக இருந்தது. "ஏண்ணா ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "இன்னிக்கு எங்களுக்குப் பாடு இல்ல தம்பி" என்றார்.

'பாடு' என்பது இங்கே பல தலைமுறையாக இருக்கிற முறை. ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்களை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு நீ, நாளைக்கு நான். சண்டை வராது, எல்லோருக்கும் சோறு. ஆனால் முகத்துவாரம் மண் மூடினால் கடலிலிருந்து இறாலும் மீன் குஞ்சும் உள்ளே வராது. அப்போது முறை வந்தாலும் வலை காலிதான். முறையும் இல்லாத நாளில் என்னைப் போல ஒருத்தன் ஐந்நூறு ரூபாயோடு வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? விதியை மீறியது அவர் என்று சொல்வது சுலபம். மீறச் சொல்லிப் பணம் நீட்டியது நான்.

அன்றைக்கு அவர் வீட்டிலிருந்தே நண்டு வாங்கினோம். ஊருக்குள் பனையோலையில் பெட்டி, கூடை பின்னும் பெண்களிடம் ஒரு சின்னப் பெட்டி வாங்கினான் என் நண்பன், அவன் அம்மாவுக்கு. கிட்டத்தட்ட அதே ஐந்நூறு ரூபாய்தான் செலவானது. திரும்பும்போது பஸ்ஸில் அவன் சொன்னான்: "சிலிகாதான் பெருசு. ஆனா நண்டு இங்க நல்லாருக்கு அண்ணா." போதும், சமாதானம்.

நீங்களும் போங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும். சீக்கிரம் கிளம்புங்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. கரையிலிருந்து பாருங்கள், கடையில் சாப்பிடுங்கள், ஓலைப்பெட்டி வாங்குங்கள். படகு மட்டும் கேட்காதீர்கள். 'இல்லை' என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவரிடம் நாம் கேட்கவே கூடாது, இல்லையா?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.