டிரெய்லர் இழுக்கும் டிராக்டருக்குப் பாட்டரி பராமரிப்பு



கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டச் சாலைகளில் ராத்திரி பகல் இல்லாமல் டிராக்டரும் டிரெய்லரும் போய்க்கொண்டே இருக்கும். நெல் அறுவடைக் காலத்தில் தஞ்சை, திருவாரூர் பக்கத்திலும் இதே நிலைதான். பாரம் இழுக்கும் வண்டிக்கு எண்ணெய் பார்க்கிறோம். டயருக்குக் காற்று பார்க்கிறோம். பாட்டரியை மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகாத நாளில்தான் திரும்பிப் பார்க்கிறோம்.

பாட்டரி வெறும் ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் அல்ல. எஞ்சின் நின்றுபோன நேரத்தில் டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிவது பாட்டரியால்தான். இருட்டில், பாரத்தோடு, விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரில் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் மோதினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா?

"வண்டிதான் ஓடுதுங்களே, பாட்டரி தானாச் சார்ஜ் ஆயிடாதா?" என்று பலர் கேட்பதுண்டு. ஆகும், ஆனால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றினால்தான் ஆகும். அதைச் சுற்றுவது விசிறி பெல்ட். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் உள்ளே போனால் சரி. அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் பெல்ட் வழுக்கும், சார்ஜ் ஏறாது. ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டில் உள்ள சிவப்புச் சார்ஜ் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று பாரம் ஏற்றாதீர்கள்.

மெக்கானிக்கிடம் வோல்ட் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல பாட்டரி, வண்டி நின்று சில மணி நேரம் கழித்து, 12.6 வோல்ட் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போதவில்லை. 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. தண்ணீர் சீக்கிரம் வற்றும், பாட்டரியும் கெடும்.

ஆலை வாசலில் காத்திருக்கும்போது

ஆலை வாசலில் பாரத்தோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டி வருகிறது. அப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கையும் பாட்டுப் பெட்டியையும் ஓடவிடுவது வழக்கம். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 55 வாட் தலைவிளக்கு இரண்டு, 5 வாட் பின்விளக்கு நான்கு. மொத்தம் 130 வாட். 12 வோல்ட்டில் இது ஏறக்குறைய 11 ஆம்பியர். 80 ஆம்பியர் மணி உள்ள புதுப் பாட்டரியிலேயே நாலு மணி நேரத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். பழைய பாட்டரி என்றால் அதற்கு முன்பே கையை விரித்துவிடும்.

அதற்காக எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லவில்லை. தலைவிளக்கையும் பாட்டையும் நிறுத்துங்கள். பின்விளக்கு மட்டும் எரியட்டும். நான்கு பின்விளக்கும் சேர்ந்து 2 ஆம்பியர்கூட இழுக்காது. பத்து மணி நேரம் எரிந்தாலும் நல்ல பாட்டரி காலையில் ஸ்டார்ட் கொடுக்கும். எல்.இ.டி. விளக்கு போட்டிருந்தால் செலவு இன்னும் குறைவு.

தண்ணீரும் முனைகளும்

மூடி திறக்கிற பாட்டரியாக இருந்தால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆறு அறைகளையும் பாருங்கள். தகடுகளுக்கு மேல் அரை அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் வாலை வடிநீர், அதாவது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாது. "காய்ச்சி ஆறவச்சுதானே ஊத்துறோம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆசிட்டும் ஊற்றக் கூடாது. வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் முழுச் சார்ஜில் 1.240 முதல் 1.280 வரை காட்டும். 1.200-க்கு இறங்கினால் கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

முனைகளில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பூப்பை, சமையல் சோடா கலந்த வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்; அந்த நீர் அறைக்குள் போகாமல் மூடியை இறுக்கிக்கொள்ளுங்கள். மாட்டி முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது எர்த் ஒயரை முதலில் கழற்றவும்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டவும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது.

டிரெய்லருக்கு மின்சாரம் போகிற வழி

பாட்டரி நன்றாக இருந்தும் டிரெய்லர் விளக்கு மங்கலாக எரிகிறது என்றால், பெரும்பாலும் எர்த் கோளாறு. பல டிரெய்லர்களில் எர்த், கொக்கி வழியாகத்தான் திரும்புகிறது. அங்கே துரு, கிரீஸ், மண் எல்லாம் உண்டு. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது விளக்கு விட்டுவிட்டு எரிவதும் இதனால்தான். பின்விளக்கு எரியும்போது பிரேக்கை மிதித்துப் பாருங்கள். வெளிச்சம் கூடாமல் குறைந்தால் எர்த் சரியில்லை. பிளக் வழியாகத் தனி எர்த் ஒயர் ஒன்று இழுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஒயரும் மெல்லியதாக இருக்கக் கூடாது. கரும்புத் தோகை தொங்கி விளக்கை மறைக்காமல் கட்டுங்கள். சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டிவையுங்கள். அதற்குப் பாட்டரியே வேண்டாம்.

அமெரிக்காவில் மின்சார பிரேக் வைத்த டிரெய்லர்களில் தனியாக ஒரு சிறு பாட்டரி உண்டு. டிரெய்லர் கழன்று ஓடினால் கம்பியில் கட்டிய ஊசி பிடுங்கிக்கொள்ளும். உடனே அந்தப் பாட்டரி பிரேக்கைப் பிடிக்கும். சரக்கு வண்டிகளில் அந்தப் பிடி குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஓடும்போதே அந்தப் பாட்டரிக்கும் ஒயர் வழியாகச் சார்ஜ் ஏறும். அந்த ஒயர் அறுந்திருந்தால், ஊசி பிடுங்கியும் பயனில்லை. நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. ஆகவே கொக்கி ஆணிக்குப் பூட்டு ஊசி போடுங்கள். பாரத்தைத் தாங்கும் சங்கிலி ஒன்றையும் மாட்டுங்கள். சாலைக்கு ஏறும் முன் டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் ஒன்றாகப் பூட்டுங்கள். சரிவில் நியூட்ரலில் விடாதீர்கள்.

பாட்டரி செத்தால் செய்யக்கூடாதவை

பாட்டரி பலவீனமானதும் சிலர் வண்டியை மேட்டில் நிறுத்துகிறார்கள், காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்ய. அந்த மேட்டடியில் பிள்ளைகள் விளையாடுவார்கள். வேறு சிலர் கீழே நின்று ஸ்குரு டிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளைத் தட்டி ஸ்டார்ட் செய்கிறார்கள். கியரில் இருந்தால் வண்டி அப்படியே பாயும். தட்டுகிறவர் நிற்பது பெரிய சக்கரத்துக்கு முன்னால். பாட்டரியை மிச்சம் பிடிக்கப் போய் உயிரைக் கொடுக்காதீர்கள், ஐயா. எப்போதும் இருக்கையில் உட்கார்ந்து, நியூட்ரலில் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் சாலை ஓரம் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பின்னால் தள்ளி சிவப்பு முக்கோணப் பலகை வையுங்கள். கல் அடுக்கிவைத்து, கிளம்பும்போது அதை அப்படியே விட்டுப் போகிற பழக்கம் வேண்டாம். அந்தக் கல்லில் விழுகிறவர் நம் ஊர்க்காரராகவே இருப்பார்.

தொகுத்துச் சொன்னால்: வாரம் ஒருமுறை பெல்ட், பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரும் முனையும், பாரம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கு, ஆணி, சங்கிலி. இதற்குப் பத்து நிமிடம் போதும். இந்தப் பருவத்தில் உங்கள் வண்டி பழுதில்லாமல் ஓடட்டும்.