வாங்குதல் என்னும் சொல்



விலைமிகுந்த கணினி இல்லாதவரும் இன்று உயர்தர நிகழ்பட விளையாட்டுகளை ஆடலாம். தொலைவிலுள்ள கணினி விளையாட்டை இயக்க, காட்சி மட்டும் இணையம்வழி நம் திரைக்கு வருகிறது. எளியோர்க்கு இது பெரும்பேறே. ஆயினும், திரைப்படத்தைப் போல் இதனை முன்கூட்டியே இறக்கிவைத்தல் இயலாது. ஆடுபவர் அழுத்தும் பொத்தானே அடுத்த காட்சியைத் தீர்மானிக்கிறது. இணைப்புத் தளர்ந்தால் கை முந்தும், காட்சி பிந்தும்.

நாம் பெரிதும் கருதுவது வேறொன்று. தமிழில் விலைக்குப் பெறுவதும் 'வாங்குதல்', கடனாகப் பெறுவதும் 'வாங்குதல்'. கூகுள் நிறுவனம் 2019 நவம்பரில் தொடங்கிய ஸ்டேடியா சேவையில் பலர் விளையாட்டுகளை விலைக்கே வாங்கினர். 2023 ஜனவரி 18இல் அச்சேவை மூடப்பட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது என்பது உண்மையே. விளையாட்டுகளோ கைவிட்டுப் போயின. அவர்கள் செய்தது எந்த வாங்குதல்? வாடகை எனலாமா? வாடகைக்கும் கெடு முன்னரே சொல்லப்படுமே!