கைதட்டலும் சம்பளமும்

கமிட்மென்ட் என்ற சொல்லை நாம் எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு அது மாதத் தவணை. நடிகர் அடுத்த படத்துக்குக் கமிட் ஆகிறார். கல்யாணத்துக்கு வர மனமில்லாதவருக்கும் சரியாக அன்றைக்கு ஒரு கமிட்மென்ட் வந்துவிடும்.

செவிலியருக்கு மட்டும் அதை 'அர்ப்பணிப்பு' ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. நான் தேவாலயத்தில் வளர்ந்தவள். அங்கே அர்ப்பணித்த காணிக்கைக்கு யாரும் ரசீதோடு வந்து கணக்குக் கேட்பதில்லை. சரி, 'கடப்பாடு' என்று சொல்லலாமா என்றால், வள்ளுவர் அதை மழையோடு சேர்த்து, கைம்மாறு எதிர்பாராதது என்று சொல்லிவிட்டார். மழைக்கு வீட்டு வாடகை இல்லையே!

2020இல் பிரிட்டனில் வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு வாசலில் நின்று எங்களுக்காகக் கைதட்டினார்கள். அதில் அன்பு இருந்தது, மறுக்கவில்லை. அடுத்த மார்ச்சில் இங்கிலாந்து செவிலியருக்கு அரசு முன்வைத்த ஊதிய உயர்வு 1 சதவீதம். பிறகுதான் அது 3 ஆனது. 2022 டிசம்பர் 15 அன்று செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, "அர்ப்பணிப்பு எங்கே போயிற்று?" என்று நம் ஆட்களே கேட்டார்கள். அன்றைக்கும் தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், கீமோதெரபி எல்லாவற்றுக்கும் விலக்கு இருந்தது. அதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்துவிட்டுத்தான் பதாகையோடு வெளியே நின்றார்கள்.

தினமும் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஷிப்ட் முடியும்போது ஒவ்வொரு நோயாளியையும் அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைக்கிறோம். வலிமருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம், சிறுநீர் எவ்வளவு போயிற்று, மகள் எப்போது வருவாள். அதன் பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறோம்.