கரியும் மொழியும்

(தில்லையில் நடந்த தமிழ்க் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வளரும் நாடுகளில் புதுமையாக்கமும் அரசியல் மாற்றமும்’ என்று எனக்குத் தலைப்பளித்துள்ளீர்கள். வளரும் நாடு என்பதே மேலையர் நமக்கு இட்ட பெயர்; தாம் வளர்ந்து முடிந்தார் போலவும், நாம் இன்னும் தவழ்வார் போலவும் அமைந்த பெயர். அது கிடக்கட்டும்.

1958-இல் தானியேல் இலெர்னர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் நடுக்கிழக்கு நாடுகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் சிற்றூரினின்று நகரடைவர். அங்கே எழுத்தறிவு பெறுவர். எழுத்தறிந்தோர் செய்தித்தாளையும் வானொலியையும் நாடுவர். அதன்பின் ஆட்சியில் பங்கு கேட்பர் என்பது அவர் காட்டிய படிமுறை. பெரும்பாலும் மெய்யே. ஆயின் எந்த மொழியில் எழுத்தறிவு, எந்த மொழியில் பங்கு என்னும் வினாவுக்கு அப்படிமுறையில் இடமில்லை.

அவ்வினாவுக்கு விடை இவ்வூரிலேயே உள்ளது. 1929-இல் இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. தலைமுறை தலைமுறையாய்க் கல்லூரி வாயிலை மிதித்தறியாத குடும்பத்துப் பிள்ளைகள் பலர் வந்து கற்றனர். புதுக்கல்வி பெற்றால் மொழிப்பற்றுத் தேய்ந்து மறையும் என எண்ணியிருந்தோர் ஏமாந்தனர். 1965 சனவரி 26 முதல் இந்தி முதன்மை ஆட்சிமொழி என்னும் நிலை வந்தபோது, முன்னின்று எழுந்தோர் கற்ற மாணவரே. மறுநாள், சனவரி 27-இல், காவலர் சுட்டதில் மாணவர் இராசேந்திரன் உயிரீந்தார். பல்கலைக்கழக வாயிலில் அவர் சிலையைக் கடந்துதான் நீங்கள் நாள்தோறும் செல்கின்றீர்கள். ஈராண்டில், 1967-இல், ஆட்சி மாறிற்று. பேராயக் கட்சி அதன்பின் இம்மாநிலத்தில் தலைமையேற்று ஆளவில்லை.

இந்தி வந்தால் வேலை போய்விடும் என்னும் அச்சமும் அதில் கலந்திருந்ததே என்பர் சிலர். கலந்திருந்தது. அதனால் என்ன இழுக்கு? வயிற்றை மறந்துவிட்டு வாழும் மொழி உலகில் எங்குள்ளது?

கடலூரில் அஞ்சல் துறையில் பணியாற்றிய பாவலரேறு பெருஞ்சித்திரனார் 1959-இல் ‘தென்மொழி’ இதழைத் தொடங்கினார். அஞ்சலும் தொடர்வண்டியும் வெள்ளையன் தன் ஆட்சிக்கென அமைத்தவை. அவற்றையே தமிழ் தனக்கு ஊர்தியாக்கிக் கொண்டது. புதுமையாக்கம் மொழியுணர்வை அழிக்கவில்லை. அதற்குக் காலும் சிறகும் தந்தது.

ஆனால் மொழிக்கு ஏற்பு அளித்துவிட்டால் போதுமா? பாக்கித்தானைப் பாருங்கள். 1952 பிப்பிரவரி 21-இல் தாக்காவில் வங்கமொழிக்காக மாணவர் உயிர் துறந்தனர். 1956-ஆம் ஆண்டின் அரசியற் சட்டம் வங்கத்தை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. ஆட்சியையோ மேற்குப் பகுதியார் பகிர்ந்தளிக்கவில்லை. 1971-இல் அந்நாடு இரண்டாயிற்று. அதே 1956-இல் இலங்கை சிங்களம் மட்டுமே என்று சட்டம் செய்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இவ்வவைக்கு நான் சொல்ல வேண்டா.

நமக்கு 1968-இல் இருமொழித் தீர்மானம் கிடைத்தது. 1969-இல் தமிழ்நாடு என்னும் பெயர் கிடைத்தது. இனி நெய்வேலிக்கு வாருங்கள்.

அங்கே நீருக்காகக் கிணறு தோண்டியபோது கரிய துகள் வெளிப்பட்டது. சம்புலிங்கனார் நிலத்தில் கண்ட அப்பழுப்பு நிலக்கரிக்காக 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1962-இல் மின்னாக்கம் தொடங்கிற்று. சோவியத்து நாடு உதவிற்று. கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். சுரங்கத்துக்கு இடையூறான அந்நீரே உழவனுக்கு உயிர். அங்கு வந்த மின்னொளியை நான் பழிக்கவில்லை. என் மாணவர் அவ்வொளியில்தான் படிக்கின்றனர். நிலம் தமிழனது, நீர் தமிழனது, பெரும்பங்கு உரிமை மட்டும் நடுவணரசினது, இதையே கேட்கின்றேன். 2006-இல் பங்குகளை விற்க முனைந்தபோது தொழிலாளரும் தமிழ்நாடும் எதிர்த்ததால் அம்முயற்சி நின்றது. 2013-இல் ஒரு சிறு பங்கு மாநில நிறுவனங்களுக்கு வந்தது, அவ்வளவே.

2023 சூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள்ளேயே மண்வாரிப் பொறிகள் இறங்கின. நிலம் எடுத்து ஆண்டுகள் பல ஆயின, ஈடும் தந்துவிட்டோம் என்றது நிறுவனம். தந்திருக்கலாம். கதிர் முற்றும் வரை காத்திருக்க என்ன தடை? அவ்வாண்டு மார்ச்சில், சேத்தியாத்தோப்பு உள்ளிட்ட மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் ஏறின. மாநில அரசைக் கலந்து கேட்கவில்லை. இம்மாவட்டத்தின் ஒரு பகுதியைக் காக்கப்பட்ட வேளாண் மண்டலத்துள் வைத்து 2020-இலேயே நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியிருந்தும் இது நடந்தது. எதிர்ப்பு எழுந்தபின்தான் அவ்விடங்கள் நீக்கப்பட்டன.

நம்மவரையும் விட்டுவிடுவதற்கில்லை. தமிழின் பெயரால் வந்த ஆட்சிகளின் நாளில்தான் ஆங்கிலவழிப் பள்ளிகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியலைத் தமிழில் கற்பிக்க 2010 வரை நாம் காத்திருந்தோம். சுரங்கத்தைப் பற்றித் தமிழில் பேசவல்ல பொறியாளர் வானத்திலிருந்தா வருவார்?

2020-இல் நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. எத்தொழிலுக்கு மக்களைக் கேட்க வேண்டும், எதற்குக் கேட்க வேண்டா என வரையறுக்கும் தாள் அது. இந்தியிலும் ஆங்கிலத்திலுமே வந்தது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்துத் தருக என்று சூன் 30-இல் தில்லி உயர் வழக்குமன்றம் ஆணையிட்டது. நடுவணரசு என்ன செய்தது? பெயர்க்கவில்லை, அவ்வாணையை எதிர்த்து உச்ச வழக்குமன்றம் சென்றது.

சேத்தியாத்தோப்பு உழவர் தம் வயலைப் பற்றிய தாளுக்கு மறுப்பெழுத வேண்டுமாயின், முதலில் அதைப் படித்தாக வேண்டுமல்லவா? எனவே, இம்மாவட்டத்தில் சுரங்கத்துக்கோ ஆலைக்கோ நிலங்கேட்டு வரும் மதிப்பீட்டு அறிக்கை, சுருக்கம் அன்று, முழுமையும், ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் வைக்கப்படும் வரை கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தலாகாது என்று மாவட்ட ஆட்சியருக்கு ஒரு வேண்டுகை மடல் எழுதியுள்ளோம். வெளிவாயிலில் வைத்திருக்கின்றோம். படித்துப் பார்த்துத் தமிழில் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.