பேராசிரியர் தொடங்கிய பாங்கு



வீட்டில் கொஞ்சம் பணம் சேருகிறது. எங்கே வைப்பீர்கள்? அரிசிப் பானையிலா? பாங்கில் போடலாம். "பாங்கு மூழ்கிப் போனால்?" என்று ஒரு பயம் வரும். அது வீண் பயம் அல்ல. 1906-இல் சென்னையில் அர்பத்னாட் கம்பெனி திவாலானது. பணம் போட்டவர்கள் கதறினார்கள். 1913-க்குப் பிறகு நாடெங்கும் பல பாங்குகள் மூழ்கின.

அப்படிப்பட்ட காலத்தில் பாங்கு தொடங்கியவர்களில் ஒருவர் வாமன் கோவிந்த் காலே. மகாராஷ்டிராவில் உள்ள புனே நகரத்தவர். 1876-இல் பிறந்தவர். பெர்குசன் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். நாட்டில் பணம் எப்படிப் புழங்குகிறது என்பதுதான் அவர் நடத்திய பாடம்.

1921-இல் அவர் டெல்லி மேல்சபை உறுப்பினர் ஆனார். வெள்ளைக்காரர் ஆட்சி அது. அந்தச் சபைக்கு ஓட்டுப் போட்டவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 ஆயிரம் பேர்தான்! பெரும்பாலும் பணக்காரர்கள். கூலிக்காரருக்கு ஏது ஓட்டு?

1923-இல் அரசு ஒரு வரிக் குழு அமைத்தது. மூன்று பேர் குழு. காலே அதில் ஒருவர். அப்போது வெளிநாட்டு இரும்பு மலிவாக வந்து குவிந்தது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை திணறியது. வெளிநாட்டு இரும்புக்கு வரியைக் கூட்டச் சொன்னது குழு. 1924-இல் சட்டம் வந்தது. ஆலை பிழைத்தது.

இவ்வளவு பெரிய பதவிகளைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்தார்? வீட்டில் ஓய்வெடுக்கவில்லை. ஏறக்குறைய அறுபது வயதில் பாங்கு வேலையில் இறங்கினார். டி. கே. சாத்தேயும் வேறு சிலரும் சேர்ந்தார்கள். 1935 செப்டம்பரில் 'பாங்க் ஆஃப் மகாராஷ்டிரா' பதிவானது. 1936 பிப்ரவரியில் புனேயில் கதவு திறந்தது. சாதாரண மக்களுக்கும் சிறுதொழில் செய்பவர்களுக்கும் உதவுவதே நோக்கம்.

பாங்கு எப்படி நடக்கிறது? நாம் போடும் பணத்தை வாங்கி, தொழில் செய்பவருக்குக் கடனாகக் கொடுக்கிறது. அவர் தரும் வட்டியில் ஒரு பங்கு நமக்கு வருகிறது. கடன் வாங்கியவர் ஏமாற்றினால்? இன்று நம் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அந்தக் காப்பீடு 1962-இல்தான் வந்தது. அன்று புனேக்காரர்கள் எதை நம்பிப் பணம் போட்டார்கள்? நடத்துபவர்களின் நாணயத்தைத்தான்.

காலே 1946-இல் காலமானார். அந்த ஆண்டில் பாங்கில் மக்கள் போட்ட பணம் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. 1969 ஜூலையில் அரசு 14 பாங்குகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் இதுவும் ஒன்று. இன்றும் அதன் தலைமை அலுவலகம் புனேயில்தான் இருக்கிறது.