கரையுற இலையைப் பார்த்து செடியைப் பிடுங்காதீங்க

மீன் தொட்டி எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல அதிகமா வந்த கேள்வி இதுதான்: "புது டேங்க்ல செடி நட்டு பத்து நாள்தான் ஆச்சு. இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி கரையுது. தூக்கிப் போட்டுடவா?"

அவசரப்படாதீங்க. கடையில வாங்குற செடிகள்ல நிறைய, நர்சரியில வேர் ஈரத்துலயும் இலை காத்துலயும் இருக்க வளர்ந்தவை. அந்த இலை மேல காஞ்சு போகாம இருக்க மெழுகுப் பூச்சு இருக்கும். ஆனா தண்ணிக்குள்ள கார்பன் டை ஆக்சைடு பரவுற வேகம், காத்துல இருக்குறதைவிட சுமார் 10,000 மடங்கு கம்மி. அங்க மெல்லிசான, வேற மாதிரி இலை வேணும். பழைய இலையை செடியால மாத்தி அமைக்க முடியாது. அதைக் கைவிட்டுட்டு புதுசா விடும்.

இதுல பேர் போனது கிரிப்டோகோரைன். நாம அதிகம் வாங்குற 'வென்ட்டியை' வகை, இலங்கை ஓடைகளோட சொந்தச் செடி. அங்க தண்ணி ஏறும், இறங்கும். அதுக்கேத்த மாதிரி இலையை மாத்திக்க அதுக்குத் தெரியும். நம்ம வேலை, அந்த நேரத்தைக் கொடுக்குறதுதான்.

முதல்ல, செடியோட அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்க. கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. கொழகொழன்னு ஆகி நாத்தம் வந்தா மட்டும் எடுத்துடுங்க.

லைட்டை டைமர்ல போட்டு தினமும் 6 மணி நேரத்தோட நிறுத்துங்க. இலை இல்லாத செடிக்கு அதிக வெளிச்சம் உதவாது; பாசிதான் கொண்டாடும். உரமும் முதல்ல பாதி அளவு போதும்.

கரைஞ்ச இலையை அடியோட வெட்டி வெளியே எடுங்க. இது ரொம்ப முக்கியம். அழுகுற இலையில இருந்து அமோனியா வரும். புது டேங்க்ல அதைச் சமாளிக்கிற பாக்டீரியா இன்னும் பெருகியிருக்காது. செடி பிழைச்சுக்கும், மீன் செத்துடும். அதனால வாரம் ரெண்டு தடவை 30 சதவீதம் தண்ணி மாத்துங்க. குழாய்த் தண்ணின்னா குளோரினை நீக்கிட்டு ஊத்துங்க. டெஸ்ட் கிட்ல அமோனியா 0 காட்டுற வரைக்கும் மீன் விட வேண்டாம்.

அப்புறம், இடத்தை மாத்திக்கிட்டே இருக்காதீங்க. ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் வேர் அறுபடும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வச்சிருக்கவங்க கவனிங்க: அதோட கிடைமட்டத் தண்டை மண்ணுல புதைச்சா அழுகிடும். கல்லுலயோ கட்டையிலயோ நூலால கட்டுங்க.

நம்ம கோட் டிபக் பண்ற மாதிரிதான். லைட், உரம், இடம்னு மூணையும் ஒரே நாள்ல மாத்தினா எதனால சரியாச்சுன்னே தெரியாது. ஒண்ணை மாத்துங்க, ஒரு வாரம் பாருங்க. மூணு நாலு வாரத்துல நடுவுல இருந்து சின்னதா ஒரு புது இலை எட்டிப் பார்க்கும். அதுதான் உங்க டேங்க்லயே பிறந்த முதல் இலை.

அடுத்த தடவை கொளத்தூர் போனா, "இது தண்ணிக்குள்ள வளர்ந்ததா, வெளியே வளர்ந்ததா?"ன்னு கேட்டு வாங்குங்க. வெட்டின இலையை ஏரியிலயோ கால்வாய்லயோ போடாம பூந்தொட்டி மண்ணுல போடுங்க. ஆகாயத்தாமரையும் இந்தியாவுக்கு அழகுச் செடியா வந்ததுதான்!

புது இலை வந்தா போட்டோ அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாசியைப் பத்திப் பேசலாம். பை!